குறை சொல்ல முடியாத ஒரு வரன்

2019 ஜனவரி 6-ஆம் தேதி மாலை, அயர்லாந்தின் மேற்கே கிளேர் மாவட்டத்து என்னிஸ் நகரில், ஓர் ஓட்டலில் பதினொரு பெண்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நம் கத்தோலிக்க ஊர்களில் மூன்று ராஜாக்கள் திருநாள் என்று சொல்லும் அந்த நாளை ஐரிஷ் மொழியில் 'நொல்லிக் ந மான்' என்பார்கள். பெண்களின் கிறிஸ்துமஸ் என்று பொருள். பண்டிகைக் காலம் முழுவதும் சமைத்துப் பரிமாறிக் களைத்த பெண்கள் அன்று ஒரு நாள் அடுப்படியை ஆண்களிடம் விட்டுவிட்டுச் சேர்ந்து வெளியே போவது பழைய வழக்கம். அன்று அந்த மேசையில் எல்லாருடைய கண்ணும் என் தோழியின் விரலில்தான் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு போட்ட மோதிரம். பதின்மூன்று நாள்தான் ஆகியிருந்தது. ஒவ்வொருவரும் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள், மாப்பிள்ளையின் குணத்தையும் அவர் வீட்டாரின் மரியாதையையும் புகழ்ந்தார்கள், இதைவிட உனக்கு என்ன வேண்டும் என்று முடித்தார்கள்.

அவள் எல்லாருக்கும் சிரித்தாள். புறப்படும் நேரத்தில், கோட்டுகளை மாட்டியிருந்த இடத்தில் நாங்கள் இருவரும் தனியாக நின்றபோது, மிக மெதுவாகச் சொன்னாள்: "அவர் நல்லவர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் அது தெரியும். அந்த வீட்டில் நான் இருப்பதாக நினைத்துப் பார்க்கிறேன். வீடு தெரிகிறது, அவர் தெரிகிறார். நான் மட்டும் தெரியவில்லை."

நான் சொன்ன பதில் இது: "நல்ல பையன், நல்ல குடும்பம். கல்யாணத்துக்கு முன்னால் பயம் எல்லாருக்கும் வரும். போகப் போகச் சரியாகிவிடும்." அந்தப் பதிலை நான் அன்று அன்போடுதான் சொன்னேன். அது ஏன் தவறான பதில் என்பதை அடுத்த பத்து மாதங்களில் அவளோடு கூட நடந்து தெரிந்துகொண்டேன். இப்படி ஒரு தயக்கத்தில் நிற்கும் பெண்ணுக்கும், அவள் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் உதவக்கூடும் என்பதால், அவளுடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். பெயர்களையும் அவர்களுடைய ஊரையும் சொல்லப்போவதில்லை.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த செவிலியர். 2016-இல் அயர்லாந்து வந்து, கிளேரில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். தோழி அதே இல்லத்தில் என்னோடு பணியாற்றிய செவிலியர். அப்போது அவளுக்கு 27 வயது, எனக்கு 34. வந்த புதிதில் எனக்கு அந்த ஊரின் பேச்சைப் புரியவைத்தவள் அவள். இரவுப் பணியில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து தேநீர் குடித்த மணிநேரங்களைக் கணக்குப் போட முடியாது.

மணமகனாக வரவிருந்தவரைப் பற்றி உள்ளபடியே சொல்ல வேண்டும். முப்பத்தோரு வயது, ஒரே மகன், தகப்பனோடு சேர்ந்து பால் பண்ணை நடத்தினார். ஐரோப்பிய ஒன்றியத்தின் பால் உற்பத்தி வரம்பு 2015-இல் நீக்கப்பட்ட பிறகு அயர்லாந்தில் பல பண்ணைகள் மாடுகளின் எண்ணிக்கையைக் கூட்டின. இவர்களும் கடன் வாங்கி எழுபது மாடுகளுக்குக் கொட்டிலைப் பெரிதாக்கியிருந்தார்கள். மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் ஐரிஷ் விளையாட்டான ஹர்லிங்கில் ஊர் அணிக்கு ஆடுபவர். குடிப்பழக்கம் கிடையாது. பக்கத்து வீட்டுக் கிழவருக்கு விறகு வெட்டிக் கொடுத்துவிட்டு அதை வெளியே சொல்லாதவர். அந்த ஊரில் ஓர் ஆணுக்குக் கொடுக்கும் உயர்ந்த பட்டம் 'சவுண்ட்' என்பது. நம்பி எதையும் ஒப்படைக்கலாம் என்று அதற்கு அர்த்தம். அவரைப் பற்றிப் பேசிய ஒவ்வொருவரும் அந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள், அது உண்மையும்கூட.

தயக்கத்தை வாய்விட்டுச் சொல்ல முடியாமல் அவளைத் தடுத்த இன்னொரு சொல்லும் அந்த ஊரில் உண்டு: 'நோஷன்ஸ்'. தன் நிலைக்கு மீறிய எண்ணம் கொண்டவள் என்று ஒருத்தியைச் சுட்ட அந்த ஒரு சொல் போதும். நல்ல மனிதர், நிலம், வீடு கட்ட இடம், மரியாதையான குடும்பம் எல்லாம் கிடைத்த பிறகும் மனம் ஒப்பவில்லை என்று ஒரு பெண் சொன்னால், அவளுக்கு 'நோஷன்ஸ்' வந்துவிட்டது என்று பேச்சு முடிந்துவிடும். நம் ஊரில் 'கொழுப்பு' என்று ஒரே சொல்லில் வாயை அடைப்பார்களே, அதைப்போல. அவள் அம்மா அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிடுவாரோ என்ற பயத்திலேயே அவள் கடைசிவரை அம்மாவிடம் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

எங்கள் இல்லத்தில் 88 வயதான ஒரு மூதாட்டி இருந்தார். 1950-இல் டப்ளினில் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, 1958-இல் கிளேரைச் சேர்ந்த ஒரு விவசாயியை மணந்தவர். திருமணமானால் பெண்கள் அரசுப் பணியிலிருந்து விலகியே ஆக வேண்டும் என்ற விதி அயர்லாந்தில் 1973 வரை இருந்தது. அதன்படி கையில் ஒரு தொகையைக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டார்கள். கல்யாணம் பேசிய நாளில் அவருடைய தகப்பனார் மாப்பிள்ளையின் நிலத்தைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்து, எத்தனை மாடு மேயும் புல் அங்கே இருக்கிறது என்று கணக்கிட்டார். பெண் கொண்டுவரும் 'ஃபார்ச்சூன்' எவ்வளவு என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள். நம் வரதட்சணைதான் அது. முதியவர்கள் மேற்கு அறைக்கு ஒதுங்கி, மருமகளுக்கு அடுப்பை விட்டுக்கொடுப்பது எப்போது என்பதுவரை அன்றே பேசி முடித்தார்களாம்.

அவர் தம் கணவரைப் பற்றி ஒரு நாள் தோழியிடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "அவர் என்னை ஒரு நாளும் கடிந்து பேசியதில்லை. என்னிடம் ஒரு நாளும் எதையும் கேட்டதுமில்லை." ஐம்பத்திரண்டு ஆண்டு வாழ்க்கையை அந்த இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, போர்வையைச் சரிசெய்யச் சொன்னார். பிள்ளைகளுக்காக அரசு கொடுத்த மாதப் பணம்கூட 1974 வரை தகப்பன் பெயரில்தான் வந்தது. அஞ்சலகத்தில் அதைப் போய் வாங்க அவர் கணவரின் கையெழுத்தைக் கொண்டுபோக வேண்டியிருந்தது. கணவர் ஒரு முறையும் மறுக்காமல் கையெழுத்துப் போட்டார் என்பதையும் மூதாட்டி நன்றியோடுதான் சொன்னார்.

அன்று இரவுதான் தோழி தன் தயக்கத்துக்கு ஓர் உருவம் கொடுத்தாள். மகப்பேறு செவிலியர் ஆக வேண்டும் என்பது அவளுடைய பல நாள் விருப்பம். பதிவுபெற்ற செவிலியருக்கு அது அயர்லாந்தில் பதினெட்டு மாதப் படிப்பு. அவள் கார்க் நகருக்குப் போய்ப் படிக்க நினைத்திருந்தாள். அதை மணமகனிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை, மறுக்கவும் இல்லை. "இங்கேயே உனக்கு வேலை இருக்கிறதே" என்று சொல்லிவிட்டு, கன்று ஈன இருக்கும் ஒரு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். பிறகு அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. "அவர் என்னைத் தடுத்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்" என்றாள். "அவருக்கு அது ஒரு பேச்சாகவே தோன்றவில்லை. நான் எப்படிச் சண்டை போடுவேன்?"

அப்போதும் நான் முழுதாக மனம் மாறவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் திருமணம் பெரியவர்கள் பேசி முடித்தது. கோவிலில் மூன்று ஞாயிறு திருமண அறிவிப்பு ஓலை வாசித்து முடிவதற்குள் நான் அவரோடு பேசியது இரண்டே முறை. என் கணவர் என் வேலைக்காகத் தம் வேலையை விட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்தவர். எனக்கு நன்றாக அமைந்ததை எல்லாருக்கும் பொதுவான விதி என்று எடுத்துக்கொண்டுதான் அவளுக்குப் புத்தி சொல்லியிருந்தேன். தனக்கு அமைந்ததை வைத்து இன்னொருத்திக்கு உறுதி சொல்லக் கூடாது என்பது நான் கற்ற முதல் பாடம். அவளுடைய வரனோடு வாழப்போகிறவள் நான் இல்லை. என் கணவரோடு அவள் வாழப்போவதும் இல்லை.

ஆகவே நான் சமாதானம் சொல்வதை விட்டுவிட்டு அவளைக் கேள்வி கேட்கத் தொடங்கினேன். 'அவரை நீ காதலிக்கிறாயா' என்று கேட்டால் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. யாரால்தான் அதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியும்? 'திருமணத்துக்குப் பிறகு வரும் சாதாரணச் செவ்வாய்க்கிழமை ஒன்றைக் காலையிலிருந்து இரவுவரை சொல்' என்று கேட்டபோது நிறையவே வெளிவந்தது. காலை ஐந்தரைக்கு அவர் பால் கறக்கப் போவார். அவள் வேலைக்குப் போவாள். மாலை திரும்பும்போது அவருடைய அம்மா இவர்கள் வீட்டு அடுப்பில் உருளைக்கிழங்கை வேகவைத்திருப்பார், ஏனென்றால் இரண்டு வீட்டுக்கும் இடையே இருநூறு அடிதான். இரவு எட்டு மணிக்கு அவர் நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். எல்லாவற்றையும் கோபமில்லாமல் சொல்லிக்கொண்டு வந்தவள், "இந்த நாளில் நான் இதுவரை யாரிடமும் பேசவில்லை, பார்த்தீர்களா" என்று தானே நிறுத்தினாள். தயக்கம் இருப்பவர்கள் இந்தக் கேள்வியைத் தமக்குத் தாமே, எழுதியே கேட்டுப் பார்க்கலாம். திருமண நாளைக் கற்பனை செய்வதால் ஒன்றும் தெரியாது. சாதாரண நாள்தான் உண்மையைச் சொல்லும்.

பணத்தையும் வீட்டையும் பற்றிய கேள்விகளை அவள் கேட்காமலே விட்டிருந்தாள். கேட்டால் பேராசைபோலத் தோன்றும் என்று கூச்சம். கிராமப்புறத்தில் தனி வீடு கட்ட அனுமதி கிடைப்பது அங்கே எளிதில்லை. அந்த இடத்தோடு குடும்பத்துக்கும் தொழிலுக்கும் உள்ள தொடர்பைப் பல இடங்களில் மாவட்ட நிர்வாகத்துக்குக் காட்ட வேண்டும். ஆகவே தகப்பன் தம் நிலத்தில் ஒரு துண்டை மகனுக்கு எழுதிக் கொடுப்பது வழக்கம். அந்த 'சைட்' கையில் இருப்பதே ஒரு மாப்பிள்ளையின் தகுதியில் பாதி. ஆனால் இடம் அவர் பெயரில், கடன் இருவர் சம்பளத்தில் என்றால் வீடு யாருடையது? சொத்துப் பத்திரங்களைப் பார்க்கும் சொலிசிட்டர் என்ற வழக்கறிஞர் ஒருவரிடம் அவள் தனியாகப் போய் ஒரு மணி நேரம் பேசினாள். 1976-ஆம் ஆண்டின் சட்டப்படி, குடும்பம் வாழும் வீட்டை மனைவியின் எழுத்துப்பூர்வமான சம்மதமில்லாமல் கணவர் விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. அது ஒரு பாதுகாப்புதான், ஆனாலும் அதனாலேயே வீட்டில் அவளுக்குப் பங்கு வந்துவிடாது. பங்கு வேண்டுமானால் பத்திரத்தில் பெயர் வேண்டும், குறைந்தது அவள் போட்ட பணத்துக்குக் கணக்காவது வேண்டும். இதைக் கேட்டுவந்து அவள் வருங்கால மாமனாரிடம் சொன்னபோது, அவர் யோசித்து, "நியாயம்தான், சேர்த்தே எழுதலாம்" என்றார். அந்தக் குடும்பத்தின் மேல் எனக்கு மரியாதை கூடியது அன்றுதான். அவளுடைய தயக்கம் சொத்தைப் பற்றியது இல்லை என்பதும் அன்றுதான் அவளுக்கே தெரிந்தது. கேட்ட எல்லாம் கிடைத்தும் அது துளியும் குறையவில்லை.

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இடம், பணம், வேலை, பிள்ளைகள், மாமியார் வீட்டின் தூரம் போன்ற பேசித் தீர்க்கக்கூடிய கேள்விகளை எல்லாம் முதலில் பேசித் தீர்த்துவிட வேண்டும். பேசியதில் தயக்கம் கரைந்துவிட்டால் நல்லது, திருமணத்துக்குப் போகலாம். எனக்குத் தெரிந்த இரண்டு பெண்களுக்கு அப்படித்தான் கரைந்தது. எல்லாம் தீர்ந்த பிறகும் தயக்கம் அப்படியே நின்றால், அது வேறு இடத்தில் வேர் விட்டிருக்கிறது.

அந்த ஆண்டு மே 24-ஆம் தேதி, விவாகரத்து விதியைத் தளர்த்துவதற்கான பொதுவாக்கெடுப்பு நடந்தது. அயர்லாந்தின் 1937-ஆம் ஆண்டு அரசியலமைப்பு விவாகரத்தையே தடைசெய்திருந்தது. 1986-இல் மக்கள் அந்தத் தடையை நீக்க மறுத்தார்கள். 1995-இல் வெறும் 9,114 வாக்கு வித்தியாசத்தில்தான் நீக்கினார்கள். அதற்குப் பிறகும் கடந்த ஐந்து ஆண்டில் நான்கு ஆண்டு பிரிந்து வாழ்ந்திருந்தால் மட்டுமே நீதிமன்றம் போக முடியும் என்று இருந்தது. 2019-இல் 82 சதவீதத்தினர் ஆதரித்து, பிறகு அது மூன்று ஆண்டில் இரண்டு ஆண்டு என்று மாறியது. தோழியின் சித்தி ஒருவர் 1980-களில் கணவரால் கைவிடப்பட்டு, மனைவியாகவும் இல்லாமல், விடுபட்டவராகவும் இல்லாமல் பத்து ஆண்டுக்கு மேல் அதே ஊரில் வாழ்ந்தவர். வாக்குச் சாவடியிலிருந்து திரும்பும் வழியில் சக செவிலியர் ஒருவர் தோழியிடம், "இப்போது எல்லாம் சுலபமாகிவிட்டது, செய்துதான் பாரேன், ஒத்துவராவிட்டால் வெளியே வந்துவிடலாம்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். தோழி வண்டியில் ஏறிய பிறகு, "வெளியே வரும் கதவு எங்கே என்று பார்த்துக்கொண்டே ஒருவர் வீட்டுக்குள் போவது அவருக்குச் செய்யும் துரோகம்" என்றாள். அவள் தன்னைப் பற்றி மட்டும் யோசிக்கவில்லை என்பதை அப்போது புரிந்துகொண்டேன். தன் பக்கத்தில் மனமில்லாத ஒருத்தியோடு அவர் வாழ வேண்டியிருக்குமே என்பதும் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

கோவில் திருமணத்துக்கு முன் தம்பதிகள் போகும் ஆயத்த வகுப்புக்கு இருவரும் ஜூனில் ஒரு வார இறுதியில் போனார்கள். பத்து ஆண்டு கழித்து உங்கள் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று இருவரையும் தனித்தனியே எழுதச் சொன்னார்களாம். அவர் வீட்டையும் பிள்ளைகளையும் புதிய கொட்டிலையும் எழுதியிருந்தார். அவளையும் எழுதியிருந்தார், பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவருபவளாக. அவள் தாளில் கார்க் நகரத்து மகப்பேறு மருத்துவமனையும் ஒரு சிறிய வாடகை வீடும் இருந்தன. அதில் அவர் எங்கும் இல்லை. தாள்களை மாற்றிப் படித்தபோது அவர், "நீ விளையாட்டுக்கு எழுதியிருக்கிறாய்" என்று சிரித்தார், அவளும் ஆமாம் என்றுவிட்டாள். அந்த 'ஆமாம்'தான் பத்து மாதத்தில் தான் சொன்ன ஒரே பொய் என்று அவள் பிற்பாடு வருந்தினாள். இத்தகைய வகுப்புகளைச் சடங்காக எண்ணிக் கடத்திவிடுபவர்கள் அதிகம். உண்மையைச் சொல்வதற்கு ஒரு மூன்றாம் மனிதர் முன்னிலையில் இருவருக்கும் இடம் கிடைப்பது அரிது. கிடைத்தால் வீணாக்க வேண்டாம்.

ஜூலையில் நடந்தது ஒரு சிறிய விஷயம். 2020 செப்டம்பருக்கு விருந்து மண்டபம் பதிந்திருந்தார்கள். மாடுகள் கன்று ஈனும் பிப்ரவரி முதல் ஏப்ரல்வரையும், சைலேஜ் என்ற புளிக்கவைத்த தீவனத்துக்குப் புல் அறுக்கும் நாட்களிலும் பண்ணையாளர் வீட்டில் கல்யாணம் வைக்க முடியாது என்பதால் தேதியைப் பண்ணைதான் தீர்மானித்தது. ஒரு நாள் மதியம் மண்டபத்திலிருந்து அவளை அழைத்து, தேதி தவறுதலாக இன்னொருவருக்கும் கொடுக்கப்பட்டுவிட்டது, உங்களுடையதை அடுத்த ஆண்டுக்கு மாற்ற வேண்டியிருக்கலாம் என்றார்கள். அரை மணி நேரத்தில் மறுபடி அழைத்து, தவறு எங்களுடையது, உங்கள் தேதி உறுதி என்றார்கள். இடைப்பட்ட அந்த அரை மணி நேரத்தில் அவள் மருந்து அறையில் என்னோடு இருந்தாள். பல மாதமாக நான் பார்க்காத ஒரு முகத்தை அன்று பார்த்தேன். ஒரு மூதாட்டியின் மாத்திரைகளை எண்ணிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். இரண்டாவது அழைப்பு வந்ததும் அது நின்றது. எனக்கு முன்னால் அவளே அதைக் கவனித்துவிட்டாள். "நீங்கள் பார்த்தீர்கள் இல்லையா?" என்று மட்டும் கேட்டாள்.

அதன் பிறகு அவள் ஒரு மனநல ஆலோசகரிடம் ஆறு வாரம் போனாள். முடிவை வேறொருவர் எடுத்துக் கொடுப்பதற்காகப் போகவில்லை. இது வெறும் பயமா, பதற்ற நோயா, பழைய வேறு ஏதாவது ஒன்றா என்று தெரிந்துகொள்ளப் போனாள். இதைச் செய்தது மிகச் சரி என்று செவிலியராகவும் சொல்கிறேன். பதற்றம் உள்ளவர்களுக்கு நல்ல முடிவுகூடத் தவறாகத் தோன்றும். தூக்கம், பசி, வேலையில் கவனம், மற்ற விஷயங்களில் மகிழ்ச்சி எல்லாம் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். அவளுக்கு மற்ற எல்லாம் சரியாக இருந்தன. அந்த ஒரு விஷயத்தை நினைக்கும்போது மட்டும் நெஞ்சு அடைத்தது.

அம்மாவிடம் சொல்வதா, அவரிடம் சொல்வதா, யாரிடம் முதலில் என்று அவள் கேட்டபோது, அவரிடம்தான் என்று நான் தயங்காமல் சொன்னேன். ஊரில் செய்தி காற்றைவிட வேகமாகப் போகும். அவர் அதைப் பால் கூட்டுறவில் யாரோ சொல்லித் தெரிந்துகொள்வது கொடுமை. தொலைபேசியில் சொல்லக் கூடாது, மோதிரத்தைக் கையோடு கொண்டுபோக வேண்டும், இரவு நேரமாக இருக்கக் கூடாது என்பதை எல்லாம் நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்தோம். அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மாலை, கறவை முடியும் நேரத்தில் அவள் கொட்டிலுக்குப் போனாள். அவள் சொன்னது மூன்று வாக்கியம். அவர் தரையைக் கழுவிக்கொண்டிருந்த குழாயை நிறுத்தாமல், கடைசி மூலைவரை கழுவி முடித்துவிட்டுத்தான் திரும்பினாராம்.

"வேறு யாராவது இருக்கிறார்களா?"

"இல்லை."

"நான் என்ன தப்பு செய்தேன் என்று சொன்னால் திருத்திக்கொள்வேனே."

அந்தக் கேள்விக்குத்தான் அவள் மிகவும் பயந்திருந்தாள். படிப்பைப் பற்றி அன்று நீங்கள் கேட்டிருக்கலாம் என்றோ, உங்கள் அம்மா நம்மைத் தனியே விடவில்லை என்றோ அவள் சொல்லியிருக்கலாம்; இரண்டும் பொய்யில்லை. ஆனால் எதைச் சொன்னாலும் அவர் அதைத் திருத்திக்கொண்டு மறுநாளே வந்து நிற்பார், அப்போதும் தன் பதில் மாறாது என்று அவளுக்குத் தெரியும். ஆகவே, "நீங்கள் தப்பு ஒன்றும் செய்யவில்லை. எனக்கு மனம் வரவில்லை. வராது என்று முன்பே தெரிந்தும் சொல்லாமல் இருந்தது என் தப்பு" என்றாள். பத்து மாதத்தில் அவள் செய்த எல்லாவற்றிலும் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

ஏனென்றால் ஊர் ஒரு காரணத்தைக் கேட்கிறது. அவர் குடிப்பாரோ, கை நீட்டினாரோ, கடன் இருக்கிறதோ என்று அடுத்த சில வாரம் எத்தனை பேர் என்னிடமே வந்து கேட்டார்கள்! ஒரு சிறு குறையைச் சொல்லியிருந்தால் ஊர் அவள் பக்கம் நின்றிருக்கும், 'நோஷன்ஸ்' என்ற சொல் அவள் மேல் விழுந்திருக்காது. அவருடைய பெயர் கெட்டிருக்கும், அடுத்த பெண் வீட்டார் யோசித்திருப்பார்கள். அவள் குறை சொல்லவில்லை, அந்தச் சொல்லும் விழுந்தது, அவள் தாங்கிக்கொண்டாள். விலகுவதற்கு அவருடைய குறை ஒன்று வேண்டும் என்று நினைப்பவர்கள் இல்லாத குறையை உண்டாக்கிவிடுவார்கள். அது மிகப் பெரிய அநியாயம்.

கணக்கு வழக்குகளை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். திருமண வாக்குறுதியை மீறியதற்காக வழக்குப் போடும் உரிமையை அயர்லாந்து 1981-ஆம் ஆண்டின் குடும்பச் சட்டத்தில் நீக்கிவிட்டது. நிச்சயம் ஆன ஒரே காரணத்துக்காக ஒருவரை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மோதிரம் போன்ற விலை உயர்ந்த பரிசு, திருமணம் நடக்காவிட்டால் திருப்பித் தரவேண்டிய நிபந்தனையோடு கொடுத்ததாகவே அந்தச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. கேட்பதற்கு முன்னால் கொடுத்துவிடுவது மரியாதை. மற்றவர்கள் கொடுத்த பரிசுகள் இருவருக்கும் பொதுவானவை என்று கருதப்படும். இவர்கள் எல்லாவற்றையும் பட்டியல் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணம் 1,500 யூரோ திரும்ப வரவில்லை, அதை முழுதும் தானே ஏற்றாள். கோவிலோ பதிவகமோ எங்கே மணந்தாலும், பொதுவாக மூன்று மாதத்துக்கு முன் இருவரும் பதிவாளர் முன் நேரில் போய் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அந்த நிலைக்குப் பல மாதம் முன்பே அவள் பேசிவிட்டதால், அழைப்பிதழ்கூட அச்சாகவில்லை. மனம் ஒப்பவில்லை என்று தெரிந்தால் ஒவ்வொரு வாரத் தாமதமும் இரண்டு வீட்டுக்கும் செலவையும் அவமானத்தையும் கூட்டும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவளுடைய அம்மா மூன்று வாரம் பேசவில்லை. பிறகு ஒரு நாள் காலையில் தாமே சமைத்து எடுத்துக்கொண்டு அவளுடைய வாடகை அறைக்கு வந்து, "ஏன் என்னிடம் முதலிலேயே சொல்லவில்லை?" என்று கேட்டு அழுதார். சொல்லியிருந்தால் நீங்கள் சமாதானம் சொல்லியிருப்பீர்கள் என்று மகள் பதில் சொன்னாள். பெற்றோராக இருப்பவர்கள் இந்தப் பதிலைக் கொஞ்சம் மனத்தில் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை 'பயமாக இருக்கிறது' என்று வந்தால், எதைக் கண்டு பயம் என்று கேளுங்கள். அவள் சொல்லி முடிக்கும்வரை மாப்பிள்ளையின் நற்குணங்களை எடுத்துச் சொல்ல வேண்டாம். அவை அவளுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். நானும் அதைத்தான் செய்யத் தவறினேன்.

மூதாட்டி 2020 தொடக்கத்தில் காலமானார். நிச்சயம் முறிந்த செய்தி அவர் காதுக்கு எப்படியோ எட்டியிருந்தது. தோழி வெறும் விரலோடு மாத்திரை கொடுக்கப் போன நாளில் அந்தக் கையைச் சிறிது நேரம் தம் கைக்குள் வைத்திருந்துவிட்டு, மகப்பேறு படிப்புக்கு எவ்வளவு செலவாகும் என்று கேட்டாராம். அந்தப் படிப்பைப் பற்றி அவளிடம் தாமாகவே கேட்ட முதல் ஆள் அவர்தான்.

தோழி படிப்பை முடித்து இப்போது கார்க்கில் மகப்பேறு செவிலியராக இருக்கிறாள். திருமணம் ஆகவில்லை, வேண்டாம் என்று இருப்பவளும் இல்லை. தான் செய்தது சரி என்று அவள் உறுதியாகச் சொல்லி நான் கேட்டதில்லை. தனியாகக் காய்ச்சலில் படுத்திருக்கும் சில இரவுகளில் அந்த வீட்டையும் அந்தக் குன்றின் சரிவையும் நினைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். தூக்கம் மட்டும் அக்டோபர் மாதம் அந்தச் சனிக்கிழமை முதல் திரும்ப வந்துவிட்டது என்கிறாள். அவர் 2022-இல் பக்கத்து ஊர் ஆசிரியை ஒருவரை மணந்தார்.

2024 ஜனவரி 6-ஆம் தேதி அவள் கார்க்கிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்தாள். அதே ஓட்டலில், இந்த முறை ஏழு பேர் உட்கார்ந்தோம். அடுத்த மேசைக்கு வந்த பெண்கள் கூட்டத்தில் அவளை மணக்கவிருந்தவருடைய அம்மாவும் இருந்தார். நான்கு ஆண்டாகக் கோவிலில் இவளைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்பவர். வெகுநேரம் இரண்டு மேசையிலும் எல்லாரும் கொஞ்சம் உரக்கவே பேசிக்கொண்டிருந்தோம். பிறகு அவர் எழுந்து எங்களிடம் வந்து, என் தோழியைப் பார்த்து, "உன் அம்மாவுக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சை ஆனதாமே, இப்போது நடக்கிறாரா?" என்று கேட்டார். மருமகளுக்கு ஏழு மாதம் என்றும், கால் வீங்குகிறது என்றும், யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை என்றும் நின்றுகொண்டே சொன்னார். தோழி பக்கத்து நாற்காலியில் கிடந்த தன் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் உட்கார்ந்தார். வீக்கம் இரண்டு காலிலுமா, தலைவலி இருக்கிறதா, இரத்த அழுத்தம் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள்.